மீள்வரும் அடித்தொடரும் ஒரு வயலின் கன்செர்ட்டோவும்

உருசிய இசைவாணர் திமித்ரி ஷொஸ்தகோவிச் இயற்றிய முதல் வயலின் கன்செர்ட்டோ 1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் எழுதி முடிக்கப்பெற்றது. அவையில் ஒலித்ததோ 1955ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாள். இடைப்பட்ட ஏழரை ஆண்டுகள் அது தாளில் உறங்கிற்று. நான்கு பகுதிகளால் இயன்ற அப்படைப்பின் மூன்றாம் பகுதி, 'பாஸகாலியா' என்னும் பழைய யாப்பில் அமைந்தது. படைப்பாளரை அரசு இகழ்ந்து ஆணையிட்டபோது அவ்வாணைக்கு விடையாக எழுந்த இரங்கலே இப்பகுதி என்று பலர் எழுதியும் பேசியும் வந்துள்ளனர். இக்கூற்று கேட்பதற்கு உருக்கமானது. ஆயினும் நாள் வரிசையோடு பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது. ஒரு கலைப்படைப்பிற்கும் அது பிறந்த காலத்திற்கும் உள்ள உறவை எவ்வளவு தூரம் உறுதியாகக் கூறலாம் என்பதே ஈண்டு நம் முன் உள்ள வினா. சங்கப் பாடல்களுக்குக் காலமும் களனும் வகுப்பதில் உழைப்போர்க்கு இவ்வினா புதிதன்று.

முதற்கண் யாப்பினைக் காண்போம். பாஸகாலியா என்னும் பெயர் 'தெருவில் நடத்தல்' என்று பொருள்படும் ஸ்பானியச் சொற்களினின்று பிறந்தது என்பர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கித்தார் வாசிப்போர் பாட்டிற்கும் பாட்டிற்கும் இடையே மீட்டிய எளிய சில நரம்பொலிகளைக் குறித்தது. நடந்துகொண்டே வாசித்தற்கு ஏற்ற அச்சிறு தொடர் இத்தாலி சென்று வளர்ந்தது. பிரெஸ்கோபால்டி 1627இல் வெளியிட்ட தொகுதியில் அது விசைப்பலகைக் கருவிக்குரிய வேறுபாட்டு வரிசையாக உயர்ந்துவிட்டதைக் காண்கிறோம். தாழ்ந்த குரலில் ஒரு சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும்; அதன்மேல் ஏனைய குரல்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறாகப் பின்னிச் செல்லும். இதுவே அதன் இலக்கணம். 'சக்கோன்' என்னும் பிறிதொரு வடிவமும் இதனோடு மிக நெருங்கியது. இரண்டனையும் வேறுபடுத்த முயன்ற இலக்கணிகள் தம்முள் முரணினர். அவ்வழக்கில் நாம் புகவேண்டியதில்லை.

அடியில் கிடந்து மீண்டும் மீண்டும் வரும் இத்தொடரை 'அடித்தொடர்' என வழங்குவோம். 'அடி' என்பது கீழிடத்தையும் காலையும் செய்யுளின் வரியையும் ஒருங்கே உணர்த்துமாதலின், தெருநடையிற் பிறந்த இவ்வடிவிற்கு அச்சொல் நன்கு பொருந்தும். ஆனால் ஒன்று கூறல் வேண்டும். தம்புராவின் சுருதியோடு இதனை ஒப்பிடுவார் உளர்; அவ்வொப்புமை பிழையானது. சுருதி நகராது நிற்பது. அடித்தொடர் நகர்ந்து சென்று தொடங்கிய இடத்திற்கே மீள்வது. பல்லவியோடு ஒப்பிடுதலும் பொருந்தாது. பல்லவி கேட்போர் செவியை ஈர்க்கும் தலைமைத் தொடர். அடித்தொடரோ சில முறை கேட்டபின் செவி மறந்துவிடுவதும், மறந்தபின்னும் மேலே நிகழ்வன அனைத்தையும் கட்டுப்படுத்துவதும் ஆகும்.

இதன் ஆற்றலை முதலில் முழுதும் உணர்ந்தோருள் ஒருவர் ஆங்கில நாட்டு ஹென்றி பர்செல். 1680களில் அவர் இயற்றிய 'டைடோவும் ஈனியசும்' என்னும் இசை நாடகத்தில், அரசி உயிர்விடுமுன் பாடும் பாட்டு, படிப்படியாக இறங்கும் ஐந்து தாளக்கட்டு அடித்தொடரின்மேல் அமைந்தது. (மேனாட்டார் இசையெழுத்தில் நெடுங்கோடிட்டுப் பிரிக்கும் சம அளவுகளையே ஈண்டுத் தாளக்கட்டு என்கிறோம்.) அத்தொடர் பதினொரு முறை வருகின்றது. பாடுபவளின் சொற்றொடர் அடித்தொடரின் முடிவோடு முடிவதில்லை; தொடர் முடிந்து மீளத் தொடங்கும் இடத்தைக் கடந்து அவள் குரல் செல்கின்றது. கீழே விதி தன் அளவில் சுழல, மேலே மனிதக் குரல் அவ்வளவிற்கு அடங்காது தத்தளிக்கின்றது. மீள்வரும் தொடர் இரங்கலுக்கு உரியதாகக் கருதப்பட்டதற்கு இப்பொருத்தமே காரணம் எனலாம். பாஹ் என்பார் ஆர்கன் கருவிக்கு இயற்றிய சி மைனர் பாஸகாலியாவில் எட்டுத் தாளக்கட்டுத் தொடர் காற்கட்டைகளில் தனித்து ஒலித்து, இருபது வேறுபாடுகளைத் தாங்கி, இறுதியில் ஃபியூகாக விரிகின்றது. அங்கே இரங்கல் இல்லை. கட்டடக் கலையின் மாட்சியே உண்டு.

அடுத்த நூற்றாண்டினர் இவ்வடிவைப் பெரிதும் கைவிட்டனர். 1885இல் பிராம்ஸ் தம் நான்காம் சிம்பொனியின் இறுதிப் பகுதியை எட்டுத் தாளக்கட்டுத் தொடரொன்றின்மேல் முப்பது வேறுபாடுகளாக அமைத்தபோது அது பழமையை மீட்டெடுக்கும் செயலாகவே கருதப்பட்டது. 1908இல் வியன்னாவில் ஷோன்பெர்கிடம் பயின்ற இளைஞர் ஆன்டன் வெபெர்ன் தம் படைப்பெண் ஒன்றாக ஒரு பாஸகாலியாவைப் பல்லியத்திற்கு இயற்றினார். எட்டே சுரங்கள், ஒவ்வொன்றும் விரலால் தெறிக்கப்பட்டு, இடையே அமைதி. பழைய யாப்பைக் கற்றுத் தேர்ந்தமைக்குச் சான்றாகவும், அதனினின்று விடைபெறும் வாயிலாகவும் அது அமைந்தது. பிரிட்டனின் வயலின் கன்செர்ட்டோ 1940இல் நியூயார்க்கில் முதன்முதல் இசைக்கப்பெற்றது. அதன் இறுதிப் பகுதியும் பாஸகாலியாவே. எனவே வயலின் கன்செர்ட்டோவில் இவ்வடிவைப் புகுத்தியவர் ஷொஸ்தகோவிச்சே என்பார் கூற்றுத் தவறு. அவர்க்குரிய புதுமை வேறிடத்தில் உள்ளது.

அவ்விடம் எது? ஷொஸ்தகோவிச் இவ்வடிவை எப்பொழுதெல்லாம் கையாண்டார் என்று நோக்கினால் அது புலனாகும். 1930க்கும் 1932க்கும் இடையில் அவர் எழுதிய 'ம்த்ஸென்ஸ்க் மாவட்டத்து மேக்பெத் சீமாட்டி' என்னும் இசை நாடகத்தில், நாயகி தன் மாமனாரை நஞ்சிட்டுக் கொல்கிறாள். அக்காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே, மேடையில் ஒருவரும் பேசாதிருக்க, பல்லியம் ஒரு பாஸகாலியாவை முழக்குகின்றது. 1943இல் போரின் நடுவே எழுதப்பெற்ற எட்டாம் சிம்பொனியில், எந்திரம்போல் அரைத்துச் செல்லும் மூன்றாம் பகுதி பேரொலியில் வெடித்தவுடன், இடைவெளியின்றி நான்காம் பகுதியாகிய பாஸகாலியா தொடங்கி, மெல்ல மெல்லத் தணிந்து செல்கின்றது. 1944இல் அவருடைய ஆருயிர் நண்பர் சொல்லெர்தின்ஸ்கி மறைந்தார். அவர் நினைவிற்குரியதாய் முடிக்கப்பெற்ற இரண்டாம் பியானோ மூவிசையின் மூன்றாம் பகுதியில், பியானோ எட்டுக் கனத்த கூட்டொலிகளை ஆறு முறை ஒலிக்க, வயலினும் செல்லோவும் அதன்மேல் புலம்புகின்றன. ஆக, இவர்க்கு இவ்வடிவு ஒரு குறிப்பிட்ட திணைக்குரியதாகிவிட்டது. கேடு நிகழும்போது அன்று. நிகழ்ந்து முடிந்த உடனே, சொல் எழாத நிலையில், அது வருகின்றது. மரபில் வந்த யாப்பொன்றிற்கு ஒரு புலவர் தனக்கெனத் துறை வகுத்துக்கொள்ளுதல் போன்றது இது.

இனி நாள் வரிசைக்கு வருவோம். கன்செர்ட்டோ 1947ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தொடங்கப்பெற்றது. பகுதிகள் வரிசைமுறையே எழுதப்பட்டன. மூன்றாம் பகுதியாகிய பாஸகாலியா 1948 சனவரித் திங்களில் நிறைவுற்றது. எஞ்சிய இறுதிப் பகுதியே மார்ச்சு 24 வரை எழுதப்பெற்றது. கம்யூனிஸ்டுக் கட்சியின் மையக் குழு, முராதெலி என்பாரின் 'பெரும் நட்பு' என்னும் இசை நாடகத்தை முன்னிட்டு வெளியிட்ட கண்டனத் தீர்மானத்தின் நாள் பெப்ருவரி 10. அதில் ஷொஸ்தகோவிச், புரொகோபியெவ், கச்சதூரியான், ஷெபாலின், பொபொவ், மியாஸ்கோவ்ஸ்கி ஆகியோர் பெயர் சுட்டி, மக்களுக்கு அயலான 'வடிவவாதிகள்' எனப் பழிக்கப்பெற்றனர். எனவே பாஸகாலியா அத்தீர்மானத்திற்கு விடையாதல் இயலாது. முன் பிறந்தது பின் நிகழ்ந்ததற்கு விடையாகுமாறு யாங்ஙனம்?

ஆயினும் இத்துடன் வினா முடிந்துவிடவில்லை. தீர்மானம் வானத்தினின்று வீழ்ந்ததன்று. சனவரித் திங்களின் இடைப்பகுதியிலேயே ஷ்தானவ் தலைமையில் இசைவாணர் கூட்டம் மாஸ்கோவில் கூட்டப்பெற்றது; ஷொஸ்தகோவிச் அங்கே அமர்ந்து தம்மைப் பற்றிய இகழ்ச்சியைக் கேட்டார். அதே நாட்களில், சனவரி 13ஆம் நாள், யூத நாடகக் கலைஞர் சாலமன் மிகோயெல்ஸ் மின்ஸ்க் நகரில் இறந்து கிடந்தார் என்ற செய்தி வந்தது. ஊர்தி மோதி இறந்ததாக அன்று அறிவிக்கப்பட்டது; அரசின் காவற்படையினரே அவரைக் கொன்றனர் என்பது பின்னர் வெளிப்பட்டது. மிகோயெல்ஸின் மருமகன் வைன்பெர்க் ஓர் இசைவாணர், ஷொஸ்தகோவிச்சின் நண்பர். ஷொஸ்தகோவிச் அன்றே அவ்வீட்டிற்குச் சென்று துயரில் பங்கு கொண்டார். பாஸகாலியா எழுதப்பெற்ற நாட்களின் சூழல் இதுவே. ஆகவே பெப்ருவரித் தீர்மானத்தை மறுத்துவிட்டுச் சனவரி நிகழ்ச்சிகளை அவ்விடத்தில் அமர்த்தலாமா? அமர்த்தலாம் என்போரின் வலிமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், இதே யாப்பை இதே துறையில் அவர் முன்னரே மும்முறை கையாண்டுள்ளார் என்பதை நினைத்தல் வேண்டும். எந்த ஒரு நிகழ்ச்சியும் இல்லாதிருப்பினும் இரண்டாம் பகுதியின் வெறியாட்டத்திற்குப் பின் பாஸகாலியா வருதல் அவர்தம் வழக்கத்தோடு ஒத்ததே. நிகழ்ச்சி யாப்பைத் தோற்றுவித்தது என்பதினும், ஆயத்தமாக இருந்த யாப்பினுள் நிகழ்ச்சி வந்து புகுந்தது என்பதே நாம் கொள்ளத்தக்க முடிபு.

இப்பகுதியின் அமைப்பை இனி நோக்குவோம். அடித்தொடர் பதினேழு தாளக்கட்டு நீளமுடையது. பழைய ஆசிரியர்கள் நான்கு, எட்டு எனச் சம அளவு கொண்டனர். பதினேழை நந்நான்காகப் பகுத்தால் ஒன்று எஞ்சும். அவ்வொன்றால், தொடர் முடிந்தது எனச் செவி எதிர்பார்க்கும் இடத்தில் முடியாமல் இன்னும் ஓரடி செல்கின்றது. நீளம் மிகுதியாதலின், கேட்போர் அதனை முழுதும் நினைவில் இருத்துவது எளிதன்று. ஏதோ ஒன்று மீள்கின்றது என்ற உணர்வு மட்டும் நெஞ்சில் நிற்கும். ஒன்பது முறை இத்தொடர் வருகின்றது.

முதன்முறை செல்லோக்களும் டபிள் பாஸ்களும் எஃப் மைனரில் அதனை ஒலிக்கின்றன. அதன்மேல் பிரெஞ்சுக் கொம்புகள் ஒரே சுரத்தை மீண்டும் மீண்டும் அழுத்தி, அரசவை அறிவிப்புப் போன்ற ஒரு முழக்கத்தை எழுப்புகின்றன. டிம்பனி முரசும் உடன் அதிர்கின்றது. ஒரு செய்தியைக் கேட்டாக வ வேண்டும். இக் கன்செர்ட்டோவின் பல்லியத்தில் ட்ரம்பெட்டும் இல்லை, ட்ராம்போனும் இல்லை. பெருமுழக்கம் வேண்டுமிடத்தில் அதற்குரிய கருவிகளை நீக்கிவிட்டு, நான்கு கொம்புகளையும் ஒரே டியூபாவையும் கொண்டு அதனை எழுப்புகின்றார். ஆதலின் முழக்கம் ஒளி குன்றி, இருண்ட நிறத்தோடு வருகின்றது. இரண்டாம் முறை தொடரை டியூபாவும் பசூனும் ஏற்க, மரத்துளைக் கருவிகள் கோயில் வழிபாட்டுப் பாடல்போல் அடங்கி ஒலிக்கின்றன. இதுவரை வயலின் வாய்திறக்கவில்லை. தனிக்கருவிக்கென்றே எழுதப்பெற்ற படைப்பில், முப்பத்து நான்கு தாளக்கட்டுகள் தலைவன் கேட்போனாக நிற்கின்றான்.

மூன்றாம் முறையிலேதான் வயலின் எழுகின்றது. ஈண்டு வாசிப்போன் விரல்திறம் காட்டும் இடம் ஏதும் இல்லை. நெடிய, எளிய, பாடத்தக்க மெட்டு. அதன் சொற்றொடர்கள் கீழ்த்தொடரின் பொருத்துவாய்களைக் கடந்து செல்கின்றன. பர்செல் கண்ட உத்தியே இது. பின்னர் அம்மெட்டினை ஆங்கிலக் கொம்பு எனப்படும் ஊதுகருவியும் பசூனும் வாங்கிக்கொள்ள, வயலின் அதன்மேல் புதியதொன்றைப் பின்னுகின்றது. ஒருவர் அழுததை மற்றவர் எடுத்து அழுவதும், முன்னவர் அதற்கு மறுமொழி சொல்வதும் நம் ஒப்பாரிகளிலும் உள்ளதே. தொடர்பு கருதிக் கூறினோம் அல்லோம், கேட்பார்க்கு எளிதில் விளங்கற்பொருட்டுக் கூறினோம்.

இனி வருவதே இப்பகுதியின் உயிர்நிலை. ஒலி ஏறி ஏறி, உச்சியில் வயலின் தானே அடித்தொடரைப் பற்றிக்கொள்கின்றது. இரு நரம்புகளில் ஒருங்கே, எட்டுச்சுர இடைவெளியில், முழு வலியோடு, இதுவரை கீழே கிடந்து தன்னைக் கட்டிய அத்தொடரைத் தானே முழங்குகின்றது. பாஸகாலியாவின் இலக்கணப்படி மேற்குரலும் அடிக்குரலும் வெவ்வேறு. ஒன்று சுமப்பது, மற்றொன்று சுமக்கப்படுவது. இங்கே அவ்வேறுபாடு அழிகின்றது. தனிமனிதன் விதியை வென்றான் என்று இதற்குப் பொருள் கூறுவார் உளர். விதியையே அவன் வாயால் சொல்லும்படி ஆயிற்று என்பாரும் உளர். நாம் பின்னதன் பக்கம் சாய்கின்றோம். ஏனெனில், உச்சிக்குப் பின் வயலின் விடுதலை பெற்றுப் பறக்கவில்லை. தாழ்ந்த குரலில் இறங்கி, தொடக்கத்தில் கொம்புகள் முழங்கிய அதே ஒற்றைச்சுர அறிவிப்பை மெலிந்து திருப்பிச் சொல்கின்றது. கீழே டிம்பனியும் விரலால் தெறிக்கப்படும் தாழ்நரம்புகளும் கடைசி முறையாக அடித்தொடரை ஒலிக்கின்றன. ஆணையாளர் குரலில் வந்தது பாதிக்கப்பட்டோன் முணுமுணுப்பாக முடிகின்றது. சொல்லே இல்லாத இசையில் இதனினும் தெளிவாக ஒன்றைச் சொல்ல இயலுமா என்பது ஐயமே.

பல்லியம் அடங்குகின்றது. வயலின் தனித்து நின்று ஏறத்தாழ ஐந்து நிமிடம் வாசிக்கும் 'கடென்சா' என்னும் தனியிசை தொடங்குகின்றது. பொதுவாக அது திறமை காட்டும் அணி. இங்கே ஒரு பாலம். அறிவிப்புச் சுரங்களில் தொடங்கி, முன் பகுதிகளின் நினைவுகளைத் திரட்டி, வேகம் மிகுந்து, மூச்சுவிட இடமின்றி இறுதிப் பகுதியாகிய 'புர்லெஸ்க்'கில் கொண்டு வீழ்த்துகின்றது. புர்லெஸ்க் என்பது கேலிக்கூத்து. அக்கூத்தின் முடிவை நெருங்குங்கால், பாஸகாலியாவின் அடித்தொடர் மீண்டும் தலைகாட்டுகின்றது. ஆனால் விரைந்த நடையில், சைலபோனின் மரத்தட்டொலியோடு, எள்ளலாக. இரங்கலைச் சந்தையில் இழுத்துவந்து ஆட்டுவித்தல் போன்றது அது.

பெப்ருவரித் தீர்மானம் வெளிவந்தபோது அவர் எழுதிக்கொண்டிருந்தது இக்கேலிக்கூத்தினையே. செய்தி வந்த பொழுது தாம் எவ்விடத்தில் எழுதிக்கொண்டிருந்தார் என்பதை ஷொஸ்தகோவிச் ஏட்டில் சுட்டிக் காட்டினார் என்றும், அதற்கு முன்னும் பின்னும் எவ்வேறுபாடும் தெரியவில்லை என்றும் இளம் இசையாளர் ஒருவரின் நினைவுக் குறிப்பு உரைக்கின்றது. நினைவுக் குறிப்புகளை அப்படியே ஏற்றல் கூடாதெனினும், இது நாள் வரிசையோடு முரணவில்லை. ஆணைக்கு விடையை இரங்கலில் தேடுவோர் இடத்தைத் தவறவிட்டனர். விடை என ஒன்று இருக்குமாயின், நின்றுவிடாத அப்பதினாறாங்கூறு சுரங்களின் ஓட்டத்திலேதான் இருத்தல் வேண்டும்.

பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். தீர்மானத்தைத் தொடர்ந்து, இசைக்கத் தகாதன என ஒரு பட்டியல் அரசு அலுவலகத்தினின்று வெளிவந்தது. எட்டாம் சிம்பொனியும் அதில் இடம்பெற்றது. மாஸ்கோ, லெனின்கிராடு இசைக்கல்லூரிகளில் ஷொஸ்தகோவிச் வகித்த ஆசிரியப் பதவிகள் 1948இல் பறிபோயின. திரைப்படங்களுக்கு இசையமைத்து அவர் வாழ்க்கை நடத்தினார். 1949 மார்ச்சில், அவரை நியூயார்க்கு அமைதி மாநாட்டிற்கு அனுப்ப அரசு விரும்பியபோது, அத்தடைப் பட்டியல் நீக்கப்பெற்றது. கன்செர்ட்டோ 'தடைசெய்யப்பட்டது' என்று பலரும் எழுதுகின்றனர். இதனைத் திருத்துதல் வேண்டும். வெளிவராத நூலைத் தடைப் பட்டியலில் சேர்த்தல் இயலாது. பட்டியல் நீங்கிய பின்னும் ஆறாண்டுகளுக்கு மேல் அது ஒலிக்கவில்லை. அதனை அடக்கி வைத்தவர் படைப்பாளரே. எழுதப்பட்ட தடையினும் எழுதப்படாத அச்சம் நெடிது வாழ்ந்தது. 1953 மார்ச்சு 5இல் ஸ்டாலின் இறந்தார். அவ்வாண்டு திசம்பரில் பத்தாம் சிம்பொனி வெளிவந்தது. கன்செர்ட்டோ மேலும் ஏறத்தாழ இரண்டாண்டு காத்திருந்தது.

லெனின்கிராடு பில்ஹார்மோனிக் பல்லியம், எவ்கெனி ம்ராவின்ஸ்கி தலைமையில், டேவிட் ஓய்ஸ்த்ராக் வயலினோடு அதனை முதன்முதல் இசைத்தது. படைப்பு ஓய்ஸ்த்ராக்கிற்கே உரிமையாக்கப்பட்டது. அவர் படைப்பாளரிடம் ஒன்று வேண்டினார். பாஸகாலியாவும் கடென்சாவும் முடித்த கையோடு இறுதிப் பகுதியையும் வயலினே தொடங்குமாறு முதலில் எழுதப்பட்டிருந்தது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்ளவேனும் சிறிது இடம் வேண்டும் என்றார் அவர். ஷொஸ்தகோவிச் இசைந்து, தொடக்க வரிகளைப் பல்லியத்திற்கு மாற்றிக் கொடுத்தார். இன்று நாம் கேட்கும் வடிவம் அதுவே. பேரிலக்கியங்களில் பாடவேறுபாடு தோன்றும் காரணங்களுள் ஏடெழுதுவோன் கைப்பிழையும் உண்டு, வாசிப்போன் கைவலியும் உண்டு போலும்.

அவ்வாண்டு திசம்பர் 29இல் நியூயார்க்கில் மித்ரோபூலோஸ் தலைமையில் ஓய்ஸ்த்ராக் அதனை வாசித்தார். அடுத்த திங்களிலேயே இசைத்தட்டும் பதிவாயிற்று. அத்தட்டின்மேல் படைப்பெண் 99 என்று காண்கின்றது. 1955இல் வெளிவந்ததாகலின் அவ்வாண்டிற்குரிய எண்ணை அதற்கு இட்டனர். 1948இல் முடிந்தமையால் அதற்கு உரியதான 77 என்னும் எண் பின்னரே மீண்டது. பழைய தட்டுகளில் ஒன்றும் புதிய பதிப்புகளில் மற்றொன்றுமாக ஈரெண்களும் இன்றும் வழங்குகின்றன. பட்டியல் ஆக்குவோர் இவற்றை இரு வேறு படைப்புகள் என மயங்குதல் கூடாது.